17 வயதுப் பையனின் பெயர் பட்டியலில் ஏறுமா? பாலியல் குற்றவாளிகள் பதிவேடும் இளையோரும்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தம்பி மகனுக்கு 17 வயது, ஐந்தாம் படிவம், ஆண்டுக் கடைசியில் எஸ்பிஎம் தேர்வு. 15 வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியோடு பழக்கம். அவளுடைய அப்பா கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் போலீசில் ரிப்போர்ட் செய்திருக்கிறார். பையனின் கைப்பேசியைப் போலீஸ் எடுத்துப் போயிருக்கிறது. "அமெரிக்காவில் செய்கிற மாதிரி பெயரையும் படத்தையும் இணையத்தில் போட்டுவிடுவார்களாம். அப்புறம் படிப்பு, வேலை, வெளிநாடு எதுவும் கிடையாது என்கிறார்கள். உண்மையா? போன மாதம்தான் குடும்ப வாட்சாப் குழுவில், இந்த மாதிரி ஆட்களின் பெயரை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று ஒரு மனு வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்."

அக்கா, மலேசியாவில் பாலியல் குற்றவாளிகளின் பெயரை யாரும் இணையத்தில் தட்டிப் பார்க்க முடியாது. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அதற்காக நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் வேண்டாம். பையன்மேல் எந்தப் பிரிவில் குற்றம் சாட்டப் போகிறார்கள், எந்தத் தேதியில் சாட்டப் போகிறார்கள் என்பதில்தான் இப்போது எல்லாம் இருக்கிறது. நான் கோலாலம்பூரில் கிரிமினல் வழக்கு நடத்துகிறவன். சிறார் வழக்குகளும் எடுப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தண்டனைச் சட்டத்தின் 375-ஆம் பிரிவுப்படி, 16 வயது நிரம்பாத பெண்ணோடு உடலுறவு என்றால், அவள் சம்மதித்திருந்தாலும் அது பாலியல் வல்லுறவுதான். 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். சில நாடுகளில் இருவருக்கும் வயது நெருக்கமாக இருந்தால் விலக்கு கொடுக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. 17 வயதுப் பையனுக்கும் 40 வயது ஆளுக்கும் பிரிவு ஒன்றே. வித்தியாசத்தைத் தண்டனை சொல்லும் கட்டத்தில்தான் பார்ப்பார்கள். தமிழ்நாட்டிலும் இதே தலைவலி உண்டு. 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியச் சட்டமான போக்சோவின் கீழ் வந்த வழக்கு ஒன்றில் 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், 16 வயதைத் தாண்டியவர்கள் விருப்பத்தோடு பழகியதை இந்தச் சட்டத்திலிருந்து விலக்கலாம், ஆணுக்கு ஐந்து வயதுக்குமேல் கூடுதலாக இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தார். பரிந்துரை சட்டமாகவில்லை.

"உடலுறவெல்லாம் இல்லை, படம் அனுப்பிக்கொண்டதோடு சரி" என்று பையன் சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 2017-ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் வருகிறது. இங்கே வயது வரம்பு 18. ஒரு சிறுமியின் அப்படிப்பட்ட படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதற்கே 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். படத்தை உருவாக்கினால் 30 ஆண்டு வரை போகும். அவளே எடுத்து அனுப்பினாள் என்று வாதாடலாம். ஆனால் சட்டத்தின் எழுத்தை அப்படியே பிடித்தால், எடுத்து அனுப்பிய அந்தப் பிள்ளையும் அதற்குள்தான் வருகிறாள்.

இவ்வளவு கடுமையாக ஏன் எழுதினார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. ரிச்சர்ட் ஹக்கல் என்ற பிரிட்டிஷ்காரன் 2006 முதல் 2014 வரை கோலாலம்பூரில் ஏழைக் குடும்பங்களுக்குள் நல்லவன்போல் நுழைந்து, பச்சைக் குழந்தைகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வரை நாசம் செய்தான். 2016-இல் லண்டனில் அவனுக்கு 22 ஆயுள் தண்டனை விதித்தார்கள். நம் சட்டப் புத்தகத்தில் அவன் செய்த பல காரியங்களுக்குப் பெயர்கூட இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. மறு ஆண்டு ஜூலையில் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது, புத்ராஜெயாவில் இதற்கென்று தனி நீதிமன்றமும் அமைந்தது. நான் இந்தச் சட்டத்தின் எதிரி இல்லை. சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலியும் மாட்டுகிறது, அவ்வளவுதான் என் வருத்தம். பதிவேட்டின் கதையும் இதேதான்.

இப்போது தேதி விஷயம். பையனுக்கு 18 வயது எப்போது நிரம்புகிறது? இதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் வழக்கறிஞர் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, 18 வயதுக்குள் குற்றம் சாட்டப்பட்டால் வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். மரண தண்டனைக் குற்றங்களைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்காருவார்கள், அவர்களில் ஒருவர் பெண். கதவு மூடியிருக்கும், வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. பையனின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் ஊடகத்தில் போடக் கூடாது. போட்டால் அதுவே குற்றம். நன்னடத்தை அதிகாரி, அதாவது சமூக நல இலாகாவின் பெகாவாய் அக்லாக், பையனின் குடும்பம், படிப்பு, நடத்தை பற்றி அறிக்கை கொடுத்த பிறகுதான் உத்தரவு. எச்சரித்து விடலாம், நன்னடத்தைப் பிணையில் விடலாம், கண்காணிப்பில் வைக்கலாம், சீர்திருத்தப் பள்ளிகளான துனாஸ் பக்தி பள்ளிக்கோ ஹென்றி கர்னி பள்ளிக்கோ அனுப்பலாம். 14 வயதைத் தாண்டியவனுக்குச் சிறைகூடக் கிடைக்கலாம், ஆனால் வேறு வழி இருந்தால் சிறை கூடாது என்று சட்டமே சொல்கிறது.

சம்பவம் 17 வயதில் நடந்து, குற்றச்சாட்டு 18 வயது நிரம்பிய பிறகு பதிவானால் வழக்கு சாதாரண நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே நீதிபதி சிறார் சட்டத்தின் சில உத்தரவுகளைப் பயன்படுத்தலாம் என்றாலும், சிறார் நீதிமன்றத்தின் மூடிய கதவும் அந்தச் சூழலும் கிடைக்காது. விசாரணைக் கோப்பு ஐஓ எனப்படும் விசாரணை அதிகாரியின் மேசையிலும் டிபிபி எனப்படும் அரசு வழக்கறிஞரின் மேசையிலும் மாதக்கணக்கில் கிடப்பது சாதாரணம். பெற்றோர் வழக்கமாக, "இழுத்துக்கொண்டே போகட்டும், மறந்துவிடுவார்கள்" என்று நினைப்பார்கள். பிறந்தநாள் நெருங்கும் பையனுக்கு அந்த நினைப்பு ஆகாது.

சரி, பதிவேட்டுக்கு வருகிறேன். மலேசியாவில் ஒரு பதிவேடு இருக்கத்தான் செய்கிறது. 2016-இல் சிறார் சட்டத்தைத் திருத்தியபோது அதற்கு வழி செய்தார்கள். 2019 முதல் பொதுமக்கள் சமூக நல இலாகா மூலம் அதைச் சரிபார்க்க முடிகிறது. பாலர் பள்ளி, குழந்தைப் பராமரிப்பு மையம், டியூஷன் மையம் நடத்துகிறவர்கள் ஒருவரை வேலைக்கு எடுக்கும் முன் அவருடைய பெயர், ஐசி (அடையாள அட்டை) எண் கொடுத்து விண்ணப்பிக்கலாம். அதில் பெயர் வர நீதிமன்றத்தில் குற்றம் உறுதியாகியிருக்க வேண்டும். ரிப்போர்ட் செய்யப்பட்டவனும் விசாரணையில் இருப்பவனும் அதில் வரமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே புரட்டிப் பார்க்கும் பக்கமும் அது கிடையாது. தவிர, ஒரு சிறாரின் குற்றம் நிரூபணமானாலும், தண்டனை பெற்றவர்களுக்கு வேறு சட்டங்கள் விதிக்கும் தகுதியிழப்புகள் அவனைத் தொடரக் கூடாது என்று சிறார் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. இதை உங்கள் வழக்கறிஞர் கையில் வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் கேள்விப்பட்ட அமெரிக்கக் கதை வேறு வகை. அது எப்படி வளர்ந்தது என்று பார்த்தால்தான், நீங்கள் கையெழுத்துப் போட்ட மனு எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

1989-இல் மினசோட்டா மாநிலத்தில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுப் பையனை முகமூடிக்காரன் ஒருவன் கடத்திக்கொண்டு போனான். 1994-இல் அந்தப் பையன் பெயரிலேயே கூட்டரசுச் சட்டம் வந்தது: பாலியல் குற்றவாளிகளை மாநிலங்கள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் போலீசுக்காக இருந்தது. அதே 1994-இல் நியூ ஜெர்சியில் மேகன் கங்கா என்ற 7 வயதுச் சிறுமியை எதிர் வீட்டில் குடியிருந்தவன் கொன்றான். அவனுக்கு முந்தைய குற்றங்கள் இருந்தது பெற்றோருக்குத் தெரியாது. 1996-இல் மேகன் சட்டம் வந்தது, தகவல் பொதுமக்களுக்குத் திறந்தது. இணையம் பரவப் பரவ பெயர், படம், முகவரி எல்லாம் ஒரு சொடுக்கில் கிடைக்க ஆரம்பித்தன. 2006-இல், கடத்திக் கொல்லப்பட்ட ஒரு சிறுவனின் பெயரில் வந்த ஆடம் வால்ஷ் சட்டம், கடுமையான குற்றங்களில் 14 வயதுக்கு மேற்பட்ட சிறார்களையும் பதிவில் சேர்க்கச் சொன்னது. குற்றத்தின் தரத்தைப் பொறுத்து 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் முழுக்க என்று மூன்று படிகள். கடைசிப் படியில் இருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய் நிற்க வேண்டும். மாநிலங்கள் பல அதற்கும் மேலே போய்ச் சின்ன வயதுப் பிள்ளைகளைக்கூடச் சேர்த்தன.

கவனித்தீர்களா? ஒவ்வொரு சட்டத்துக்கும் பின்னால் ஒரு குழந்தையின் சாவோ கடத்தலோ இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் பெயரில் எழுதிய சட்டம் கடைசியில் குழந்தைகள்மேலேயே வந்து விழுந்தது. ஜேக்கப்பின் அம்மா பேட்டி வெட்டர்லிங், இந்தச் சட்டத்துக்காக அலைந்தவர். சிறார்களை இந்தப் பட்டியலில் சேர்ப்பதைப் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். அவர் சொன்னால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

பட்டியலில் ஏறிய பிள்ளைக்கு என்ன நடக்கிறது? பல ஊர்களில் பதிவு பெற்றவர் பள்ளி, பூங்கா, பாலர் பள்ளியிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் குடியிருக்கக் கூடாது. சில இடங்களில் 1,000 அடி, மயாமி வட்டாரத்தில் 2,500 அடி. 2,500 அடி என்றால் முக்கால் கிலோமீட்டர். பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் அந்த அளவுக்கு வட்டம் போட்டுப் பாருங்கள், குடியிருக்க ஒரு பிளாட்கூட மிஞ்சாது. மயாமியில் அப்படி இடம் கிடைக்காதவர்கள் ஒரு பாலத்துக்கு அடியில் பல ஆண்டு கூட்டமாகக் குடியிருந்தார்கள். வயது வந்தவனாவது எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள்வான். 15 வயதுப் பையன் அம்மா அப்பாவோடுதான் இருக்க வேண்டும், பள்ளிக்கும் போக வேண்டும். வீட்டில் தங்கச்சி இருந்தால், பல குடும்பங்கள் பிள்ளையை உறவினர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பதிவைப் புதுப்பிக்க ஒரு நாள் தவறினால் அது புதுக் குற்றம், அதற்கு மறுபடியும் சிறை.

மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2013-இல் இப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி விரிவான அறிக்கை வெளியிட்டது. சிலர் குற்றம் செய்தபோது 10 வயதுப் பிள்ளைகள். பேசியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தற்கொலைக்கு முயன்றவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் எலிசபெத் லெட்டூர்னோ தலைமையில் 2018-இல் வந்த ஆய்வு இன்னும் சரியான ஒப்பீடு. பாலியல் தவறுக்காகச் சிகிச்சைக்கு வந்த பையன்கள்தான் எல்லாரும், சிலர் பதிவேட்டில் இருந்தார்கள், சிலர் இல்லை. பதிவேட்டில் இருந்தவர்கள் சமீபத்தில் தற்கொலைக்கு முயன்றிருப்பது மற்றவர்களைவிட நான்கு மடங்கு. கடந்த ஓர் ஆண்டில் வயது வந்த ஒருவர் பாலியல் நோக்கத்தோடு அவர்களை அணுகியிருப்பது ஐந்து மடங்கு. பிள்ளையின் படமும் முகவரியும் இணையத்தில் கிடந்தால் அதை நல்லவர்கள் மட்டுமா பார்ப்பார்கள்?

"பையன் கஷ்டப்பட்டால் படட்டும், மற்ற பிள்ளைகள் தப்பினால் போதும்" என்று உங்கள் வாட்சாப் குழுவில் யாராவது சொல்வார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மற்ற பிள்ளைகள் தப்பினார்களா? தென் கரோலினா மாநிலத்தில் லெட்டூர்னோவும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுத் தரவை வைத்துப் பார்த்தார்கள். பதிவு செய்ததால் சிறார்கள் மறுபடியும் பாலியல் குற்றம் செய்வது குறையவில்லை. காரணம் எளிது, குறைய அங்கே பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. மைக்கேல் கால்டுவெல் என்ற உளவியலாளர் 2016-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை, 33,000-க்கும் மேற்பட்ட சிறார்களைப் பற்றிய தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். சுமார் ஐந்து ஆண்டுக்குள் மறுபடியும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 5 சதவிகிதம். 2000-க்குப் பிறகான ஆய்வுகளில் மட்டும் பார்த்தால் 3 சதவிகிதத்துக்கும் கீழே. திருட்டு, அடிதடி போன்ற மற்ற குற்றங்களில் மாட்டியவர்கள் அதைவிட மிக அதிகம். பையன்கள் வளர்கிறார்கள். 14 வயதில் அசட்டுத்தனமாகவோ அராஜகமாகவோ நடந்துகொண்டவன் 24 வயதில் அதே ஆள் இல்லை. 45 வயதில் திட்டம் போட்டுப் பிள்ளைகளைத் தேடி அலைபவன் வேறு வகை.

இன்னொரு விளைவை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. அமெரிக்காவில் சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களில் போலீசுக்கு வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செய்தவர்களே சிறார்கள்தான், பெரும்பாலும் வீட்டுக்குள், சில சமயம் உறவுக்குள். பாதிக்கப்பட்டவள் தங்கச்சி, செய்தவன் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தால் மகன் ஆயுள் முழுக்கப் பட்டியலில் என்று தெரிந்த அம்மா என்ன செய்வாள்? வாயை மூடிக்கொள்வாள். மகள் உதவி இல்லாமல் கிடப்பாள். அண்ணன் பெயர் வெளியே வந்தால் தங்கை யார் என்று ஊரே கண்டுபிடித்துவிடும் என்பது வேறு. தென் கரோலினாவில் அரசு வழக்கறிஞர்களே, பிள்ளைகளைப் பட்டியலிலிருந்து காப்பாற்ற, பாலியல் குற்றச்சாட்டைச் சாதாரண அடிதடியாக இறக்கிப் பதிய ஆரம்பித்தார்கள். அப்போது குற்றவாளிக்குச் சரியான சிகிச்சையும் இல்லை, பாதிக்கப்பட்டவளுக்கு நியாயமும் இல்லை.

அமெரிக்க நீதிமன்றங்களும் பின்னால் பின்வாங்கத் தொடங்கின. சிறாரைத் தானாகவே ஆயுளுக்கும் பதிவேட்டில் போடுவது கொடூரமான தண்டனை என்று 2012-இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சிறார் மறுபடியும் செய்வான் என்று மறுக்கவே முடியாதபடி சட்டம் அனுமானிப்பது தவறு என்று 2014-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிட்டனில் பட்டியல் பொதுவில் இல்லை, சிறார்களுக்குப் பதிவுக் காலம் பாதி. அங்கேகூட, 11 வயதில் குற்றம் செய்த ஒருவனை மறுபரிசீலனைக்கே வழியில்லாமல் காலமெல்லாம் வைத்திருப்பது தனி வாழ்வுரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. இந்தியா 2018-இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தைப் போலீஸ் போன்ற அமலாக்கத் துறையினர் மட்டும்தான் பார்க்க முடியும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பையன்கள் பக்கம் மட்டும் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். 2012-இல் 13 வயதுச் சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கில், குற்றம் நடந்தபோது பதின்வயதைத் தாண்டாத தேசிய விளையாட்டாளர் ஒருவருக்குச் சிறையை நீக்கி, 25,000 ரிங்கிட் நன்னடத்தைப் பிணையில் விட்டது மேல்முறையீட்டு நீதிமன்றம். அவருக்கு எதிர்காலம் இருக்கிறது என்பது ஒரு காரணம். சில வாரத்திலேயே பினாங்கு நீதிமன்றம் ஒன்றும், 12 வயதுச் சிறுமி வழக்கில் 21 வயது இளைஞனை அதேபோல் பிணையில் விட்டது. நாடே கொதித்தது. அந்தச் சிறுமிகளுக்கு எதிர்காலம் இல்லையா என்று பெண்கள் அமைப்புகள் கேட்டதில் என்ன தவறு? பினாங்கு வழக்கில் உயர் நீதிமன்றம் பிறகு சிறைத் தண்டனையே கொடுத்தது. 12, 13 வயதுப் பிள்ளை சம்மதித்தாள் என்று வாதாடும் கட்சிக்காரரிடம் நான் நேராகவே சொல்லிவிடுவேன், அந்த வாதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள் என்று. தண்டனை குறைவாகப் போகிறது என்று கோபம் வரும்போது தண்டனையைப் பற்றிப் பேச வேண்டும். பட்டியலைத் திறந்துவிட்டால் அந்தக் கோபம் முதலில் இறங்குவது ஓடத் தெரியாத சின்னப் பையன்கள்மேல்தான். ஹக்கல் மாதிரி ஆள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல்தானே எட்டு ஆண்டு இங்கே சுற்றினான்.

ஆகவே உங்கள் மனுவைப் பற்றி என் கருத்து: வேலைக்கு ஆள் எடுக்கும்போது கட்டாயம் சரிபார்க்க வேண்டும் என்று கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். டியூஷன், சமய வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி என்று பிள்ளைகளோடு தனியாக இருக்கும் எல்லா வேலைக்கும் அது வர வேண்டும். பெயரைப் பொதுவில் போடச் சொல்வதற்குப் போட மாட்டேன்.

ஆனால் சட்டம் மூடி வைத்ததை நம் ஆட்களே திறந்துவிடுகிறார்கள், அதுதான் இன்னும் பெரிய தொல்லை. பையன் ரிமாண்டில் இருக்கும்போதே அவனுடைய பள்ளிப் படமும் ஐசி எண்ணும் குழுக்களில் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரிப் பதிவை எந்த நீதிமன்றமும் முழுசாகத் துடைக்க முடியாது, அதற்கு 15 ஆண்டு என்ற காலக்கெடுவும் கிடையாது. உங்கள் குடும்பக் குழுவில் இந்த விஷயத்தைப் பற்றி இனி ஒரு வரி எழுத வேண்டாம். ஆதரவாகக்கூட வேண்டாம். குரல் பதிவும் வேண்டாம். பெண் பிள்ளையின் பெயரை எங்கும் சொல்லாதீர்கள். அவளுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதை மீறினால் நீங்கள் குற்றவாளி ஆவீர்கள்.

இப்போது என்ன செய்வது? பையனை விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். கையில் பணம் இல்லை என்றால் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, ஒய்பிஜிகே, இருக்கிறது. கைதானதிலிருந்தே அவர்கள் வழக்கறிஞரை அனுப்புவார்கள். கைதானால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும், பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது.

வீட்டில் வேறு கைப்பேசியோ கணினியோ இருந்தால், அதிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம். அழித்ததைத் தோண்டி எடுக்கும் வசதி போலீசுக்கு இருக்கிறது, அழித்ததே பிறகு பெரிய கேள்வியாகும். அதைவிட முக்கியம், பெண்ணின் வீட்டுக்குப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பேசி முடிக்கப் போகாதீர்கள். கோவில் தலைவர், கட்சிக்காரர், யாரையும் அனுப்ப வேண்டாம். நம்மவர்களுக்கு இது பழக்கம், நல்ல எண்ணத்தில்தான் போவார்கள். சாட்சியை மிரட்டியதாகவோ விலை பேசியதாகவோ அது கோப்பில் ஏறும். தவிர, ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றாலும் வழக்கைத் தொடர்வதா விடுவதா என்பது அரசுத் தரப்பின் முடிவு. அதற்கு முறையான வழி இருக்கிறது: வழக்கறிஞர் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையீடு கொடுப்பார், ரெப்ரசன்டாசி என்பார்கள். வயது நெருக்கம், முதல் தடவை, படிப்பு, ஆலோசனைக்குப் போகிறான் என்பதையெல்லாம் அதில் வைத்து, குற்றச்சாட்டைக் கைவிடவோ குறைக்கவோ கேட்கலாம்.

ஆலோசனைக்குப் போக நீதிமன்றம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே ஓர் உளவியலாளரிடம் அழைத்துப் போங்கள். பையனுக்குத் தன் பக்கம் மட்டும் தெரிகிறதா, அந்தப் பெண்ணின் பக்கமும் புரிகிறதா என்பது நன்னடத்தை அதிகாரி கட்டாயம் கவனிக்கும் ஒன்று. வற்புறுத்தினானா, படத்தை வேறு யாருக்காவது அனுப்பினானா என்று அவனை உட்கார வைத்து வழக்கறிஞர் முன்னிலையில் கேளுங்கள். அனுப்பியிருந்தால் இதுவரை நான் சொன்னதில் பாதி மாறிவிடும். காதலியின் படத்தை நண்பர்கள் குழுவில் போட்டவனுக்காக வாதாடுவது வேறு வேலை.

பள்ளியை நிறுத்தாதீர்கள். பையன் வெட்கத்தில் போக மாட்டேன் என்பான். எஸ்பிஎம் எழுதியே ஆக வேண்டும். ஹென்றி கர்னி பள்ளிக்குப் போனவர்களும் அங்கிருந்தே எஸ்பிஎம் எழுதுகிறார்கள்.

வெளிநாடு பற்றிக் கேட்டீர்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் விசாவுக்குத் தேவைப்படும் நன்னடத்தைச் சான்றிதழை விஸ்மா புத்ரா, அதாவது வெளியுறவு அமைச்சு, மூலம்தான் வாங்க வேண்டும், அதற்கு முன் போலீஸ் பதிவைச் சரிபார்ப்பார்கள். அமெரிக்க விசா படிவம் ஒரு படி மேலே போய், தண்டனை பெற்றதுண்டா என்பதோடு கைதானதுண்டா என்றும் கேட்கும். வழக்கு எப்படி முடிந்தாலும், நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். படிவத்தில் பொய் சொல்லாதீர்கள். கைதான விவரத்தை மறைத்ததற்காக விசா மறுக்கப்பட்டால் அந்தக் கறை தனியாக நிற்கும். முதலில் பையனின் பிறந்த தேதியையும் ரிப்போர்ட் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு இந்த வாரத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.